ஏழாம் தாளில் உன் கை

மேசைமேல் இன்னும் அந்த வாடை இருக்கிறது. பழைய எக்ஸ்ரே படத்தைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவிக் காயப்போட்டால் வருமே, பாதி ஆஸ்பத்திரியும் பாதி சோப்புத் தண்ணீருமாக, அதே வாடை. முப்பது வருடத்துக்கு மேல் ஓர் இரும்பு பீரோவுக்குள் அடைந்து கிடந்தும் போகவில்லை. நேற்று ஒரு மாணவி அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தாள். நம்முடைய கட்டு.

நாம் படித்த அதே துறையில் தாவரவியல் மூன்றாமாண்டு படிக்கிறாள். ப்ராஜெக்டுக்காகப் பழைய பதிவுகளைத் தேடியபோது பீரோவின் அடித்தட்டில் கிடைத்ததாம். மேலட்டையில் இரண்டு பெயர்கள். ஒருவர் பத்திரிகைக்காரராகக் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவரைப் பற்றி அவள் கேட்கவில்லை. உன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று நம் பேராசிரியர் பச்சை மையில் எழுதிவைத்திருந்தார்.

"ரெண்டு டவுட் சார்," என்றாள். "ஆறு ஷீட் வரைக்கும் லைக்கனோட ஓரமெல்லாம் வளைஞ்சி வளைஞ்சி போகுது. ஏழாவதுல மட்டும் கீழ இருக்கிற திட்டு ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி நேரா முடியுது. லைக்கன் அப்படி முடியாது இல்ல சார்? அப்புறம் அம்புக்குறி. எல்லா ஷீட்லயும் மேல்பக்கம் எதுன்னு காட்ட அம்பு போட்டிருக்கீங்க. இதுல பாதியில நிக்குது. கை நழுவின மாதிரி."

நான் அம்பைப் பார்க்கவில்லை. தாளின் நடுவே சிவப்பு மெழுகுப் பென்சிலால் வரைந்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரித்து வைத்த இடது கை. மோதிர விரல் பாதியில் முடிந்திருந்தது.

கட்டில் இருக்க வேண்டிய ஏழாம் தாளை வரைந்தவன் நான். நீ இறந்த பிறகு, என் கையை வைத்து வரைந்தேன். என் மோதிர விரல் முழுதாக இருக்கிறது.

வரிசையாகச் சொல்கிறேன். நீ எதையும் வரிசையாகக் கேட்கிறவன்.

லைக்கன் என்பது பேராசிரியர் சொன்ன பெயர். பூஞ்சையும் பாசியும் ஒன்றை ஒன்று விடாமல் கூடி வாழும் உயிர். மரப்பட்டையில் சாம்பல் பச்சையாக வட்டம் வட்டமாகப் படரும். உனக்கு அது தேமல். "மரத்துக்குத் தேமல் வந்துக்குது சார். அது மாசத்துக்கு எவ்ளோ பரவுதுன்னு பாக்கலாமா?" என்று நீ எழுந்து கேட்டதும் வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாக்கலாம். ஆனா ஒரே மரம். பாதியில வேற மரத்துக்குத் தாவக் கூடாது," என்றார். என்னையும் உன்னோடு சேர்த்துவிட்டார். எனக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு உன்னோடு சைக்கிளில் போகலாம் என்பது மட்டும் பிடித்திருந்தது.

மரத்தை நீதான் காட்டினாய். கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்னால், கரும்புத் தோட்டங்களுக்கும் சாலைக்கும் நடுவில் நின்ற புளியமரம். நெடுஞ்சாலைத் துறையினர் வெள்ளைக் கட்டம் அடித்துக் கறுப்பில் எழுதிய எண்: 117. பள்ளிக்கூடம் போன வருடங்களில் அதன் அடியில்தான் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் கல்வராயன் மலை வெயிலில் நீலமாகத் தெரியும். மழை வருமுன் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்.

தேமலை அப்படியே பிரதியெடுக்கத் தெளிந்த தாள் வேண்டும். ஒரு டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர் வேண்டாத எக்ஸ்ரே படங்களைத் தந்தார். விடுதித் தொட்டியில் அவற்றை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். கறுப்பு கரைந்து வெளிறிய நீலம் வந்தது. ஆனால் முழுதும் போகவில்லை. கொடியில் நம் சட்டைகளுக்கு நடுவே தொங்கிய தாள்களில், வெயில் பின்னாலிருந்து விழும்போது, விலா எலும்புகள் பனிக்குள் வேலிபோலத் தெரிந்தன. தமாஷாகப் பேசிக்கொண்டிருந்த நீ சட்டென்று நிறுத்தினாய்.

"யாரு நெஞ்சுன்னே தெரியலடா. ஆளு இருக்கானோ இல்லியோ. அவன் மேல நாம தேமல் வரையப் போறோம்."

"பயமா இருந்தா சூடம் ஏத்திக்க," என்றேன்.

"ஏத்தலாம். எந்தப் பக்கம் பாத்து ஏத்தறது?"

நாம் வேலை செய்த விதத்தை அந்த மாணவிக்கு நேற்று விளக்கினேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. பட்டையில் இரண்டு ஆணி. ஆணிக்கு நேராகத் தாளை வைத்து, நீ இடது உள்ளங்கையை விரித்து அழுத்துவாய். நான் வரைவேன். முதல் தடவை தாள் நழுவி எல்லாம் வீணானது. அப்போது நீ சொன்னாய்: "எங் கையயும் சேத்து வரைஞ்சிடு. அடுத்த மாசம் அதே கோட்டுக்குள்ள கைய வெச்சா தாளு தானா எடத்துல நிக்கும்." பன்னிரண்டு வயதில் கரும்பு வெட்டப் போய் மேல் கணுவை இழந்த மோதிர விரல் உன்னுடையது. அந்தக் குட்டை விரலைச் சுற்றி வரும்போது மட்டும் உனக்குக் கூசும். தோளைக் குலுக்குவாய், ஆனால் கையை அசைக்க மாட்டாய்.

முதலில் கை. பிறகு தேமல் திட்டுகள். பிறகு மரத்தின் எண்ணும் தேதியும். கடைசியாக அம்பு. அம்பு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். "அம்பு போட்ற வரிக்கும் கைய எடுக்க மாட்டேன். எடுத்தா எல்லாம் போச்சு," என்பாய். லாரி புழுதி வாரி இறைத்துவிட்டுப் போகும், கட்டெறும்பு உன் முழங்கையில் ஏறும், நீ நிற்பாய்.

புல்லுக்கட்டோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் ஒருநாள் நெடுநேரம் நம்மைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாப்பா, மரத்துக்கு எக்ஸ்ரே புடிக்கிறீங்களா?"

"ஆமாக்கா. நெஞ்சுல சளி கட்டிக்கினு இருக்குது."

"பாத்து, ஊசி கீசி போட்டுறாதீங்க. காய்க்காம பூடும்."

ஆறாம் மாதம் முடிந்ததும் ஆறு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விடுதி ஜன்னலில் பிடித்தோம். தேமலின் ஓரங்கள், குளத்தில் கல் விழுந்தால் விரியும் வளையங்கள்போல், மயிரிழை மயிரிழையாக நகர்ந்திருந்தன. அதைப் பார்த்து நீ கத்தினாய். நான் பார்த்தது வேறொன்று. ஆறு கைகளும் பொருந்தி ஒரே கையாகியிருந்தன. பின்னால் யாருடைய விலாவோ. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றுகொண்டு கண்ணாடியில் கை வைத்திருப்பதுபோல் இருந்தது. நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஏழாம் மாதத்தில் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எழுந்த போராட்டம். நம் பக்கத்துச் சாலைகளெல்லாம் அடைபட்டன. பஸ் நின்றது. சாலையோர மரங்களைச் சாய்த்துக் குறுக்கே போட்டார்கள். கல்லூரியை மூடி நம்மை ஊருக்கு அனுப்பினார்கள். உன் வீட்டிலிருந்து உன் அப்பா மறியலுக்குப் போனார். நான் இருந்தது, அதே சாலையை ஒட்டி, அந்தப் போராட்டத்தில் சேராத தெரு. அந்த வாரம் எங்கள் தெருவில் கதவுகள் பகலிலும் சாத்தியிருந்தன.

மரம் சாய்வதற்கு முதல் நாள் மாலை குறுக்கு வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"நாளைக்கி நம்ம மரத்த சாய்க்கப் போறாங்களாம். எங்கூரு ஆளுங்க பேசிக்கினு இருக்காங்க. இந்த மாசத்துது இன்னும் வரையலடா. உனுக்கு ஜுரம்னு தள்ளிப் போட்டோம்."

"மரமே போகப் போகுது. இனிமே எதுக்குடா?"

"அதனாலதான்டா. கடைசி அளவு வேணாமா?"

"உங்க ஆளுங்கதானே. நிறுத்தச் சொல்லேன்."

"கேட்டேன். 'உனுக்கு வேல கெடைக்கணும்னுதான்டா சாய்க்கறோம்'ன்னு எங்கப்பாவே சொல்றாரு. கேக்கறது நாயந்தான். நானும் கேக்கறவன்தான். மரம் இன்னாடா பண்ணுச்சு?" சைக்கிள் மணியைத் துடைத்தாய். "காலைல வந்துடு. நா தாளப் புடிச்சிக்கறேன், நீ வரைஞ்சிடு. ரெண்டு பேர் இருந்தா பத்து நிமிஷம்."

வருகிறேன் என்றேன்.

காலையில் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனேன். பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். அந்தச் சாலையை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. லாரி இல்லை, கரும்பு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. எங்கோ ஒரு கோடாரிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை. அடுத்த வெட்டு விழுமா விழாதா என்று காது காத்திருந்தது. நான் திரும்பி வீட்டுக்குள் போனேன். பயம். அதற்கு வேறு பெயர் வைக்கப் பல வருடங்கள் முயன்றிருக்கிறேன். கிடைக்கவில்லை.

மூன்று மணிக்குச் செய்தி வந்தது. மரம் விழுந்ததில் நீ அடியில். பக்கத்தில் ஒரு கோடாரி. கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். உன் பை கிடைக்கவில்லை.

கல்லூரி திறந்ததும் பேராசிரியர் அறையில் ஒரு போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கி உங்க ரெண்டு பேருக்கும் அந்த மரத்துகிட்ட ஏதாவது படிப்பு வேலை இருந்ததா தம்பி?" என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். ஆமாம் என்று சொன்னால், நான் ஏன் போகவில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும்.

"இல்லீங்க சார். இந்த மாசத்துது முதல் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிடுச்சு," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மரம் வெட்டப் போனவன் மரம் விழுந்து இறந்தான். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு தாள் வேண்டும் அல்லவா? அன்று மதியமே ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்தேன். ஆறாம் தாளின்மேல் புதிய தாளை வைத்து ஒவ்வொரு திட்டையும் பென்சில் கனத்துக்கு விரித்து வரைந்தேன். முதல் ஞாயிறின் தேதியைப் போட்டேன். அம்பை முழுதாகப் போட்டேன். கைக்கு உன் கை இல்லை. என் இடது கையை விரித்து வைத்து வலது கையால் சுற்றி வரைந்தேன். விரலிடுக்குகளில் மெழுகு குளிர்ந்தது. ஆறு மாதம் உனக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். கையை எடுத்த பிறகுதான் கண்டேன்: மோதிர விரல் முழுதாக இருந்தது. அழித்து வரைய என்னால் முடியவில்லை. செய்தித்தாளை இடையில் வைத்து மூடினேன். வாய்மொழித் தேர்வு வரை ஒவ்வொரு நாளும் யாராவது விரல்களை எண்ணுவார்கள் என்று பயந்தேன். யாரும் எண்ணவில்லை. "ஏழாவது தாளப் பத்தி நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல," என்றார் பேராசிரியர். உன்மேல் உள்ள இரக்கத்தால் சொல்கிறார் என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

உன் ஊர்க்காரர்கள் உன்னைத் தியாகி ஆக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போலீஸ் எழுதியதைத்தான் அவர்களும் நம்பினார்கள், வேறு மாதிரி. வருடம் தவறாமல் அந்த நாளில் உன் முகம் சுவரொட்டியில் வரும். கல்லூரி அடையாள அட்டைப் படத்தின் நகல், அந்த நகலின் நகல். இப்போது கண்கள் இருந்த இடத்தில் இரண்டு வெளிறிய திட்டுகள்தான் மீதி. ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. ஒரு வருடம் யாரோ உன் கையில் கோடாரி வரைந்துவிட்டார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. அதைப் பிடித்திருக்கும் கையில் ஐந்து விரலும் முழுதாக இருக்கின்றன.

உன் தங்கை அப்போது ஒன்பதாவது படித்தாள். நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டாள். செய்தி சேகரிக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்படுவாள். ஒரே கேள்விதான் கேட்பாள். "எங்கண்ணன் வெட்டத்தான் போனானாண்ணா? வூட்டுக்கு வந்தா மொதல்ல 'நூத்திப் பதினேழு எப்டி இருக்குது'ன்னு கேப்பான். அத வெட்டுவானா?"

"தெரியலம்மா," என்பேன். ஆயுள் முழுதும் அடுத்தவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான்.

நேற்று அந்த ஏழாம் தாளை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தேதி முதல் ஞாயிறு அல்ல, மரம் விழுந்த நாள். எழுத்து உன்னுடையது. கை உன்னுடையது, நீயே சுற்றி வரைந்ததால் கோடு இரண்டு இடத்தில் தடுமாறியிருக்கிறது. கீழ்த் திட்டின் நேர்கோடு கோடாரி வெட்டின் மேல்விளிம்பு. அப்படியென்றால் நீ தாளை வைக்கும்போதே மரம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியவர்களிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினாயோ, அவர்கள் ஓய்வுக்கு ஒதுங்கினார்களோ, தெரியாது. கையை வரைந்தாய். திட்டுகளை வரைந்தாய். வெட்டையும் வரைந்தாய். எண், தேதி. அம்பைத் தொடங்கினாய். கோடு பாதி ஏறி, தலை போடாமல், தாளின் ஓரத்துக்குச் சரிந்து வெளியே போய்விட்டது.

அம்பு போடும்வரை நீ கையை எடுக்கவில்லை.

இந்தத் தாள் கட்டுக்குள் எப்படி வந்தது? உன் பையை யாரோ எடுத்து வந்து துறையில் கொடுத்திருக்கலாம். பேராசிரியர் தாளை மாற்றி வைத்துவிட்டு வாய்மூடி இருந்திருக்கலாம். கேட்க அவர் இல்லை. நான் வரைந்த தாள் எங்கே? கட்டை மூன்று முறை எண்ணினேன். ஏழுதான். பீரோவில் வேறெதுவும் இல்லை என்று அந்த மாணவி உறுதியாகச் சொன்னாள். முழு விரலோடு என் கை எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று தெரியாமல் இருப்பது, இருட்டில் ஒருவர் நம் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பதுபோல் இருக்கிறது.

இன்று காலை நைனார்பாளையம் போனேன். உன் தங்கை தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இன்னாண்ணா இது, எலும்பு தெரியுது?"

"யாரோ நோயாளிம்மா. தெரியாதவர்."

விரலைப் பார்த்தாள். கோட்டைத் தொடாமல் அதன் மேலேயே ஒற்றை விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். குட்டை விரலில் நிறுத்தினாள். "கை அவனுது," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தெருமுனை வரை போய்த் திரும்பியது, போலீஸ் அதிகாரியிடம் சொன்னது, பொய்த்தாள். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. கேட்டாள்:

"ரெண்டு பேரு இருந்தா எவ்ளோ நேரம் ஆவும்ண்ணா?"

"பத்து நிமிஷம்."

"ஒத்த ஆளா?"

நான் அந்தப் பாதி அம்பைக் காட்டினேன். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "போஸ்டர்ல அந்தக் கோடாலிய எடுக்கச் சொல்லுங்க. எங்க ஆளுங்க கேட்டது நாயந்தான், அவன் பேரு அதுல இருந்தா இருக்கட்டும். கோடாலி வேணாம். பென்சிலு குடுக்கச் சொல்லுங்க. நீங்க எழுதனா கேப்பாங்க."

எழுதிவிட்டேன். உனக்கு எழுதும் இந்த மடலையே நாளை அச்சுக்குக் கொடுக்கிறேன், என் பெயரோடு. மாணவியிடமிருந்து மதியம் அழைப்பு வந்தது. "ஏழாவது அளவையும் கணக்குல சேத்துக்கலாமா சார்?" என்று கேட்டாள். சேர்த்துக்கொள் என்றேன். அந்த நேர்கோட்டை என்னவென்று குறிப்பது என்றாள். வெட்டு என்று எழுதச் சொன்னேன்.

தாளை உன் தங்கையிடமே விட்டு வந்தேன். கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அதை அவளும் பார்த்தாள். என் இடது கையை உன் கைக்கோட்டுக்குள் வைத்தேன். நீ சொன்னதுபோல் தாள் தானாக இடத்தில் நின்றது. நான்கு விரல்கள் அளவெடுத்ததுபோல் அடங்கின. மோதிர விரலின் மேல் கணு மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே, யாருடைய விலாவோ தெரிந்த இடத்தில் நின்றது. அந்தக் கணு குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்து விரலை வெந்நீரில் வைத்தேன். வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் குளிர்ந்தேதான் இருக்கிறது. அந்த விரலை விசைகளில் படவிடாமல் இவ்வளவையும் தட்டச்சு செய்திருக்கிறேன்.